மாவுப் பையில் அச்சடித்த டோவி

மார்பெரி ஊரைச் சுற்றியிருக்கும் மலைகளில் தங்கச்சி டோவியின் பாட்டைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் யாரும் இல்லை. விடிவதற்கு முன்னால் ரேடியோவைத் திருகினால் டோவி பாடுவாள். மாட்டைக் கறந்துவிட்டு உள்ளே வருவதற்குள் முடித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் டோவி என்று ஒருத்தி பிறக்கவே இல்லை. அந்த ரேடியோப் பாட்டுக்குப் பணம் போட்ட ஹெட்ரிக் மாவு ஆலைக்காரர்களுக்குப் பையில் அச்சடிக்க ஒரு பெயர் தேவைப்பட்டது, வைத்தார்கள். அந்தப் பெயரில் இரண்டு பெண்கள் பாடினார்கள். முதலில் பாடியவள் ஓமா ப்ரீடிங், ஒரே ஒரு இலையுதிர்காலம். அவளுக்கு அப்புறம் பாடியவள் வெர்பி ஸ்ட்ரங்க், ஒன்பது வருடம். எந்த டோவி நல்ல டோவி என்று மார்பெரியில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சொல்லட்டும். இது வெர்பியின் கதை, அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் சொல்ல முடியும்.

வெர்பி காடி ஓடைக்காரி. அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் செத்துப் போனார். அம்மா ஹெஸ்டர் சோளம் விதைத்து, பன்றி வளர்த்து, யாரிடமும் எதையும் கேட்காமல் இருந்தவள். வெர்பி பாவாடை முழங்காலுக்குக் கீழே இறங்கும் முன்பே நூல் ஆலைக்குப் போனாள். நூற்பு எந்திரங்கள் ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் காதில் வாயை வைத்துக் கத்த வேண்டும். வெர்பி கத்த மாட்டாள். குரலை நெஞ்சிலிருந்து எடுத்து, நடுவில் ஒரு உடைப்பு உடைத்து, உச்சந்தலையில் கொண்டுபோய் வைப்பாள். எந்திரச் சத்தம் கீழே ஓடும், அவள் குரல் அதற்கு மேலே ஓடும். கூடத்தின் அந்தக் கோடியில் இருக்கிறவள் நிமிர்ந்து பார்ப்பாள்.

குரலை இப்படி உடைத்துப் பாடுவதற்கு யோடல் என்று பெயர். அந்தக் காலத்தில் அது ஒரு காய்ச்சல் மாதிரி தென் மாநிலங்கள் முழுக்கப் பரவிக் கிடந்தது. வசதி உள்ளவன் இசைத்தட்டில் கேட்டான். இல்லாதவன் வசதி உள்ளவன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டான். ரயிலடியில் மூட்டை தூக்குகிறவன் யோடல் பாடினான், ஷெரீஃப் பாடினான், ஷெரீஃப் பிடித்துக்கொண்டு போனவனும் பாடினான். பாதிப் பேருக்குக் குரல் உடைய வேண்டிய இடத்தில் உடையாது, உடையக் கூடாத இடத்தில் உடையும். கோழிக்குஞ்சை மிதித்த மாதிரி இருக்கும். மிதித்தவனுக்கு அது தெரியாது, இன்னொரு பாட்டு பாடட்டுமா என்று கேட்பான்.

வெர்பி ஒரே மூச்சில் இரண்டு தடவை உடைப்பாள். மேலே போய்ச் சேர்ந்த குரல் அங்கேயே நிற்கும் என்று கேட்கிறவர்கள் நினைக்கும்போது, அங்கிருந்து இன்னொரு உடைப்பு, இன்னும் மேலே. அதை அவள் எந்தத் தட்டிலும் கேட்டுப் படிக்கவில்லை. நூல் ஆலையில் பக்கத்து வரிசை எந்திரத்தையும் சேர்த்து முடுக்கிவிடுவார்கள், முதல் உடைப்பு பற்றாது, அதனால் வந்தது.

போர் வருவதற்குக் கொஞ்ச வருடம் முன்னால், ஒரு டிசம்பர் மாதம், டோவியாக இருந்த ஓமா ரேடியோவில் கிதார் வாசித்தவனைக் கட்டிக்கொண்டு ஒஹாயோவுக்குப் போய்விட்டாள். அங்கே ஆக்ரன் நகரத்தில் டயர் ஆலையில் இரண்டு பேருக்கும் வேலை. ரேடியோ நிலையத்து மேலாளர் லைல் கேகிள் கிதார்க்காரனுக்காக வருத்தப்பட்டார். டோவிக்காக வருத்தப்படவில்லை. பெயர் கையில்தானே இருக்கிறது. நூல் ஆலை வாசலில் வந்து நின்று, இங்கே சத்தம் போட்டுப் பாடுகிற பெண் யார் என்று விசாரித்தார்.

"உன் பேரு என்ன பாப்பா?"

"வெர்பி ஸ்ட்ரங்க், சார்."

"திங்கக்கிழமையிலேருந்து டோவி."

"எங்கம்மா வெர்பின்னுதான் வெச்சிருக்காங்க."

"உங்கம்மா மாவு விக்கலியே," என்றார் கேகிள்.

வெர்பி திங்கட்கிழமை போனாள்.

முதல் நாளே ஒரு சிக்கல். ஓமா பாடிக்கொண்டிருந்த நாட்களில், பாட்டுக்கு நடுவே தன் அம்மாவுக்கு நெஞ்சுச்சளி, படுத்த படுக்கை, எல்லாரும் ஜெபம் செய்யுங்கள் என்று ரேடியோவில் கேட்டிருந்தாள். மலை முழுக்க ஜெபம் செய்துகொண்டிருந்தது. இப்போது அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஆள் மாற்றி ஆள் விசாரிக்கிறார்கள். நோய்ச் செய்தி மாவு விற்காது என்பது கேகிளின் கட்சி. மூன்றாவது பாட்டு முடிந்ததும், "அம்மாவுக்கு இப்போ தேவலை, உங்க ஜெபத்துக்கு நன்றி," என்று தினமும் சொல்லச் சொன்னார். வெர்பி சொன்னாள். சொல்லச் சொன்னதைச் சொல்லத்தானே சம்பளம்.

காடி ஓடைக்காரர்களுக்கு டோவி என்பது நம்ம வெர்பிதான் என்று தெரியும். அதனால் டோவியின் அம்மா என்றால் ஹெஸ்டர்தான் என்று அவர்களாகவே கணக்குப் போட்டுக்கொண்டார்கள். ஹெஸ்டர் வேலிக்கு முளை அடித்துக்கொண்டிருக்கும்போது சர்ச்சுப் பெண்கள் நான்கு பேர் வாத்துக்கொழுப்பு டப்பாவோடு வந்து இறங்கினார்கள். எனக்கு ஒன்றுமில்லை என்றாள் ஹெஸ்டர். காய்ச்சல்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவளைப் படுக்க வைத்து, நெஞ்சில் கொழுப்பைத் தேய்த்து, மேலே கம்பளித்துணி சுற்றிவிட்டுத்தான் போனார்கள். ரேடியோவிலேயே சொல்லிவிட்டார்கள், இவள் மறுக்கிறாளே என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு போனார்கள். மார்ச் மாதம் கேகிள் ரேடியோவில் அம்மாவை முழுசாகக் குணப்படுத்திவிட்டார். அதற்கப்புறம்தான் ஹெஸ்டரால் நிம்மதியாக வேலி அடிக்க முடிந்தது.

ரேடியோவில் பாடுகிறவர்கள் சனிக்கிழமையானால் பள்ளிக்கூடங்களில் போய்ப் பாட வேண்டும். மலைப் பள்ளிக்கூடம் என்றால் ஒரே அறை, நடுவில் அடுப்பு, பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி வைத்திருப்பார்கள். வெர்பியைப் பார்த்தவர்கள் எல்லாரும் அவளை முன்பே பார்த்தவர்கள். இளைச்சுட்டியே தங்கச்சி என்பார்கள். போன தடவை உயரமாக இருந்தாய் என்பார்கள். ஒரு விவசாயி, நீ என்னைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லியிருந்தாய் என்று தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அது நான் இல்லை என்று சொல்ல வெர்பிக்கு அனுமதி இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அவர் போர் முடிகிறவரைக்கும் காத்திருந்தார் என்று சொல்வார்கள்.

அப்புறம் அந்த மாவுப் பை. பையில் டோவியின் முகம் என்று ஒரு முகம் அச்சடித்திருந்தார்கள். ஓமாவின் முகமும் இல்லை, வெர்பியின் முகமும் இல்லை. படம் வரைந்தவருடைய மச்சினி முகம் என்று பேச்சு. அந்தக் காலத்தில் மாவுப் பைத் துணியை யாரும் வீணாக்குவதில்லை. துவைத்து, வெளுத்து, பெண்கள் உள்பாவாடை தைத்துக்கொள்வார்கள். ஹெட்ரிக் பையின் மை மட்டும் என்ன துவைத்தாலும் முழுசாகப் போகாது. அந்த மாவட்டத்தில் பாதிப் பெண்கள் டோவியின் பெயரைப் பின்பக்கத்தில் சுமந்துகொண்டு திரிந்தார்கள். வெர்பியின் பெயரை யாரும் எங்கேயும் சுமக்கவில்லை.

அதுதான் அவளை உறுத்தியது. ரேடியோவில் பாட்டு முடிந்ததும் ஒரே ஒரு தடவை, பாடியது வெர்பி ஸ்ட்ரங்க் என்று சொல்லிவிடுங்கள் என்று கேகிளிடம் கேட்டாள். பையை யார் மறுபடி அச்சடிப்பது என்று அவர் கேட்டார். அடுத்த வருடமும் கேட்டாள், அடுத்த வருடமும் பைதான். கோய் லெட்ஃபோர்டைக் கல்யாணம் செய்துகொண்ட வருடத்தில், டோவிக்குக் கல்யாணம் ஆகக் கூடாது என்று கேகிள் சொல்லிவிட்டதால், மோதிரத்தைக் கழற்றி ஷூவுக்குள் போட்டுக்கொண்டு பாடினாள். கால் நொந்தது. அதையும் பொறுத்துக்கொண்டாள். அந்த இரண்டாவது உடைப்பைக் கேட்டுவிட்டு, டோவியை மாதிரி யாராலும் முடியாது என்று ஊர் சொல்லும்போது மட்டும்தான் அவளுக்குப் பொறுக்காது.

போர் முடிந்தது. வெட்டிய ரொட்டி கடைக்கு வந்தது, வீட்டில் மாவு பிசைகிறவர்கள் குறைந்தார்கள், ஹெட்ரிக் ஆலை மூடியது. டோவி அதோடு போனாள். ரேடியோக்காரர்கள் ஆள் வைத்துப் பாட வைப்பதை விட்டுவிட்டு இசைத்தட்டைச் சுழற்ற ஆரம்பித்தார்கள். ஒன்பது வருடம் வெர்பி பாடியதில் ஒரு பாட்டுகூட யாரிடமும் இல்லை. பதிவு செய்து வைக்கிற வழக்கம் அப்போது அந்த நிலையத்தில் இல்லை. வெர்பி மறுபடி நூல் ஆலைக்கே போனாள், மூச்சு வாங்க ஆரம்பிக்கும் வரைக்கும் அங்கேயே வேலை செய்தாள். கோய் இறந்தான். மகள் நெல்டா மார்பெரியில் உரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

பல வருடம் கழித்து ஓமா ஒஹாயோவிலிருந்து திரும்பி வந்தாள். கிதார்க்காரன் செத்துப் போயிருந்தான். தலைமுடிக்கு லேசாக நீலச்சாயம் பூசி, மார்பெரியில் அஞ்சலகத்துக்குப் பின்னால் ஒரு வீடு வாங்கி உட்கார்ந்தாள். கையில் ஒரு புகைப்படம் வைத்திருந்தாள், ரேடியோ மைக்குக்கு முன்னால் அவள் நிற்கிற மாதிரி. அந்த ஒரு படம் போதுமானதாக இருந்தது. ஊரில் டோவி என்றால் ஓமா என்று ஆகிவிட்டது. நான்தான் பாடினேன் என்று வெர்பி சொன்னால், ஆமாம் பெரியம்மா, அந்தக் காலத்தில் எல்லாருமே பாடினீர்கள் என்று சின்னவர்கள் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்கள்.

அப்படி இருக்கும்போது ஒரு கோடையில்தான், பழைய ரேடியோப் பாட்டுக்காரர்களையும் யோடல்காரர்களையும் நினைவுகூர ஒரு நாள் வைக்க வேண்டும் என்று மாவட்டத்தில் முடிவு செய்தார்கள். பொறுப்பு டெல்மர் ஹக்ஸிடம் போனது. டெல்மர் மாட்டுச்சந்தையில் ஏலம் விடுகிறவர். குரல் உள்ள ஆள் ஊரில் அவர் ஒருவர்தான். இறந்துபோன பாட்டுக்காரர்களின் பெயர்களை வாசிப்பது, பிறகு சாப்பாடு, பிறகு தங்கச்சி டோவி மேடையேறி யோடல் பாடுவது என்று ஏற்பாடு. டெல்மர் நேரே ஓமா வீட்டுக்குப் போய்க் கேட்டார், ஓமா சரி என்றாள். இந்தச் செய்தியை நெல்டா உரக்கடையிலிருந்து கொண்டு வந்தாள். கொண்டு வந்திருக்க வேண்டாம் என்று அடுத்த நிமிடமே அவளுக்குத் தோன்றியது.

"விடும்மா. இத்தனை வருஷம் கழிச்சு யாரு பாடினா என்ன?"

"யோடல் பாடணும்னா சொன்னாங்க?"

"ஆமா."

"ஓமாவுக்கு ரெண்டாவது உடைப்பு வராது. அவ பாடின காலத்திலேயே வராது," என்றாள் வெர்பி. உலர்ந்த ஆப்பிளை ஊறப் போட்டாள். ஒருவர் வீட்டுக்குச் சண்டை போடப் போனாலும் வெறுங்கையோடு போகிற வழக்கம் காடி ஓடையில் இல்லை.

அந்த ஆப்பிளை நடுநடுவே தடவிய அடுக்குக் கேக் பதமாவதற்கு இரண்டு நாள் ஆகும். இரண்டு நாள் கழித்து அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓமா வீட்டுக் கதவைத் தட்டினாள். ஒரே பெயரில் ஒரே மைக்கில் பாடிய இரண்டு பேரும் அதுவரைக்கும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியதே இல்லை. சர்ச்சில் தலையாட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஓமா இரண்டு மூன்று வயது பெரியவள்.

"வா. நீ வருவேன்னு தெரியும். கேக்கை மேஜையில வை," என்றாள் ஓமா.

வெர்பி வைத்தாள். உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தாள்.

"டெல்மர் உங்ககிட்ட என்ன கேட்டாரு அக்கா?"

"'நீங்கதான டோவி?'ன்னு கேட்டான். ஆமான்னேன். பொய்யில்லியே."

"ஒன்பது வருஷம் பாடினது யாருன்னு கேட்டாரா?"

"கேக்கலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்னுதான் நினைக்கிறேன்."

கேக்கை வெட்டினாள் ஓமா. மெல்ல முடியாமல் மெல்ல ஆரம்பித்தாள். பல் செட்டு சரியாகப் பொருந்தவில்லை, யோடல் பாடினால் முதல் வரிசையில் போய் விழும் என்று தானாகவே ஒப்புக்கொண்டாள். அதற்கு ஒரு வழியும் யோசித்து வைத்திருந்தாள். பள்ளிக்கூட மேடைக்கு ஒரு திரை இருக்கிறது. வெர்பி திரைக்குப் பின்னால் நின்று பாடட்டும், ஓமா முன்னால் நின்று வாயசைக்கிறாள். யாருக்கும் தெரியாது, இரண்டு பேருக்கும் வேலை ஆனது மாதிரி இருக்கும்.

வெர்பி இதைக் கேட்டுக் கோபப்படவில்லை. தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நான் ஒன்பது வருஷம் திரைக்குப் பின்னாலதான் நின்னேன். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா மேடைக்கு வர்றேன். இல்லேன்னா நீங்களே பாடுங்க, பல்லு எங்க விழுதோ விழட்டும்."

ஓமா ஆக்ரனைப் பற்றி ஆரம்பித்தாள். வெர்பிக்கு முதலில் இதை எதற்குச் சொல்கிறாள் என்று புரியவில்லை. டயர் ஆலையில் விடியற்காலை வேலை. போவதற்கு முன்னால் ரேடியோவைத் திருகினால், குளிர்காலத்தில் சில நாட்கள் மார்பெரி நிலையம் அங்கே வரைக்கும் எட்டும். இரைச்சலுக்கு நடுவில் கேட்கும். தன் பெயரில் வேறொருத்தி பாடுவதைக் கேட்டு முதல் நாள் சிரித்தாளாம். மூன்றாவது பாட்டு முடிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டதாம்.

"அம்மாவுக்கு இப்போ தேவலைன்னு சொன்னே. எனக்கு உன்னைத் தெரியாது. ஆனா ஊர்லதான இருக்கே, போய்ப் பாத்துட்டுத்தான் நீ சொல்றேன்னு நினைச்சேன். புது வேலை. லீவு கேட்டா வேலை போயிடும். சரி, தேவலைன்னு சொல்றாளே, பனி உருகட்டும், போய்க்கலாம்னு இருந்துட்டேன்."

வெர்பி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கம்மா எப்போ போனாங்க?"

"பிப்ரவரி. செய்தி வர்றதுக்குள்ள மண்ணு மூடியாச்சு."

"நான் மார்ச் வரைக்கும் சொன்னேன்."

"தெரியும். அடக்கம் ஆனப்புறமும் கேட்டேன்."

கேகிள் சொல்லச் சொன்னது என்று வெர்பி சொன்னாள். அது உண்மைதான். ஓமாவும் அதை மறுக்கவில்லை. ஹெஸ்டருக்கு வாத்துக்கொழுப்பு தேய்த்த கதையை வெர்பி முப்பது நாற்பது வருடமாகச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லி வந்திருக்கிறாள். ஓமா என்கிற ஒருத்திக்கு நிஜமாகவே ஒரு அம்மா இருந்தாள், அவளுக்கு நிஜமாகவே நெஞ்சுச்சளி என்று ஒரு நாளும் அவளுக்கு உறைக்கவில்லை. டோவியின் அம்மா என்பது மாவுப் பையில் இருக்கிற முகம் மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தாள்.

"கேகிள்தான் சொல்லச் சொன்னான்," என்றாள் ஓமா. "ஆனா வாய் உன்னுது. பாட்டு உன்னுதுன்னு கேக்க வந்திருக்கே. பாட்டு உன்னுதுன்னா அதுவும் உன்னுதுதான். டோவி பாடினான்னா, டோவிதான் சொன்னா."

வெர்பி எழுந்து கதவு வரைக்கும் போனாள். கேக் தட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. கைப்பிடியில் கையை வைத்தாள். பேசாமல் விட்டுவிட்டுப் போயிருக்கலாம், அந்த வழி அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. டோவி என்ற பெயருக்குள்ளேயே பாட்டு, பொய் இரண்டையும் போட்டு மூடிவிட்டால் யாருக்கும் எதுவும் இல்லை.

"என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க அக்கா. ரெண்டையும் என் பேருலயே சொல்றேன்," என்றாள்.

ஓமா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கேக் கொஞ்சம் உலர்ந்துபோயிருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அது உலரவில்லை. இதில் யாரும் வெர்பியைக் குறை சொல்ல முடியாது.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் நிற்க இடமில்லை. வெர்பி மூன்றாவது பெஞ்சில் நெல்டாவோடு உட்கார்ந்தாள். டெல்மர் இறந்துபோன பாட்டுக்காரர்களின் பெயர்களை வாசித்தார். மெதுவாக வாசிக்கத்தான் நினைத்திருப்பார். ஆனால் இரண்டாவது பெயரிலேயே ஏல வேகம் வந்துவிட்டது, கடைசிப் பெயரை விற்றுவிட்டது போலத்தான் முடித்தார். பின்வரிசையில் ஒருவர் பழக்கத்தில் கையைத் தூக்கிவிட்டு இறக்கிக்கொண்டார். பிறகு வெளியே மரத்தடி மேஜைகளில் சாப்பாடு, பீன்ஸ், சோளரொட்டி, உப்புக்கண்டம், பழம் வைத்துச் சுட்ட பலகாரம் பன்னிரண்டு வகை. வெர்பி ஒன்றும் சாப்பிடவில்லை. யோடலுக்கு முன்னால் சாப்பிடக் கூடாது என்று சொன்னாள். உன்னை யாரும் கூப்பிடவில்லையே அம்மா என்று நெல்டா சொல்லவில்லை, சொல்ல நினைத்தாள்.

மறுபடி எல்லாரும் உள்ளே வந்ததும் டெல்மர் தங்கச்சி டோவியை மேடைக்கு அழைத்தார். ஓமா ஏறினாள். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. அழுதவர்களும் உண்டு. ஓமா மைக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள், மூன்றாவது பெஞ்சைப் பார்த்தாள், மறுபடியும் கூட்டத்தைப் பார்த்தாள். அந்தக் கைதட்டல் அவளுக்குப் பிடித்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. யாருக்குத்தான் பிடிக்காது. வெர்பிக்கு அந்த நேரத்தில் அவள் கூப்பிட மாட்டாள் என்றே தோன்றிவிட்டது. கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் ஒரு இலையுதிர்காலம் பாடினேன்," என்றாள் ஓமா. "அதுக்கப்புறம் பாடினதெல்லாம் வெர்பி ஸ்ட்ரங்க். யோடல் வேணும்னா அவளைக் கூப்பிடுங்க."

டெல்மர், வெயிலில் அவளுக்குத் தலை சுற்றுகிறது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ஓமா தண்ணீரைக் குடித்துவிட்டு அதையே மறுபடி சொன்னாள். சரி என்று டெல்மர், "வெர்பி லெட்ஃபோர்ட்" என்று கூப்பிட்டார். வெர்பி அசையவில்லை. லெட்ஃபோர்ட் என்பது கோய் வீட்டுப் பெயர், பாடும்போது தான் ஸ்ட்ரங்க் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே திருத்தினாள். டெல்மர் திருத்திக் கூப்பிட்டார். அதற்கப்புறம்தான் எழுந்தாள்.

மைக் அவளைவிட உயரமாக இருந்தது. அவள் அதை இறக்கவில்லை, தலையை நிமிர்த்திக்கொண்டாள்.

"என் பேரு வெர்பி ஸ்ட்ரங்க். டோவியோட அம்மாவுக்குத் தேவலைன்னு ரேடியோவுல தினமும் சொன்னது நான். அது ஓமா அக்காவோட அம்மா, லெட்டி ப்ரீடிங். அவங்களுக்குத் தேவலையாகலை. பிப்ரவரியில இறந்துட்டாங்க. நான் போய்ப் பாக்கவே இல்லை, பாத்த மாதிரி சொன்னேன். ஒஹாயோவுல இருந்த அக்கா அதைக் கேட்டு நம்பி, வராம இருந்துட்டாங்க."

ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். டோவியின் அம்மாவுக்காக அந்தக் குளிர்காலம் முழுக்க முழங்காலில் நின்று ஜெபம் செய்தவர்கள் அங்கே பாதிப் பேர் இருந்தார்கள். ஜெபம் பலித்தது என்று இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தவர்கள். இரண்டு பெண்கள் அப்போதே எழுந்து ஓமாவிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அடக்கம் எங்கே நடந்தது, பெட்டி எந்த மரத்தில் செய்தது என்று, நேற்றுச் செத்தவர்களைப் பற்றி விசாரிக்கிற மாதிரி விசாரித்தார்கள். ஓமா சொன்னாள். அவளிடம் இதை யாரும் அதுவரை கேட்டதில்லை.

வெர்பி அவர்கள் முடிக்கும் வரைக்கும் காத்திருந்தாள். பிறகு பாடினாள். முதல் உடைப்பு சரியாக வந்தது. இரண்டாவது உடைப்பில் குரல் மேலே போகாமல் பாதியில் காற்றாகிப் போனது. நூல் ஆலைப் பஞ்சு நெஞ்சில் இருக்கும்போது வேறென்ன ஆகும். டெல்மர் கைதட்ட ஆரம்பித்தார். இன்னும் முடியவில்லை என்று வெர்பி அவரை நிறுத்தினாள். முதலிலிருந்து பாடினாள், மறுபடியும் அதே இடத்தில் போனது. மூன்றாவது தடவையும் பாடினாள். பெஞ்சில் இருந்தவர்கள் நெளிந்தார்கள், நெல்டா தரையைப் பார்த்தாள். எத்தனையாவது தடவையோ அந்த இரண்டாவது உடைப்பு வந்தது. மெலிசாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. வெர்பி நன்றி சொல்லிவிட்டு இறங்கினாள்.

அன்று சாயங்காலமே ஓமா வீட்டுக்குச் சாப்பாடு போக ஆரம்பித்தது. துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, அக்கம்பக்கத்தார்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அது அந்த ஊர் முறை. துக்கம் எப்போது நடந்தது என்பதைப் பற்றி அந்த முறையில் ஒன்றும் இல்லை. ஒரு வாரத்துக்கு பீன்ஸும் கோழியும் வந்துகொண்டிருந்தன. வைக்க இடமில்லாமல் ஓமா கடைசியில் பக்கத்து வீட்டுக் குளிர்பெட்டியைக் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று.

வெர்பிக்கு யாரும் எதுவும் கொண்டு வரவில்லை. அந்தச் சனிக்கிழமை பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வரும்போது, பலகார மேஜைக்குப் பக்கத்தில் நின்ற ஒரு கிழவி இன்னொருத்தியிடம் எதையோ சொல்ல, அது நெல்டாவின் காதில் விழுந்தது. நெல்டா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள், சாவியைப் போட்டவள் திருப்பவில்லை.

"அந்தப் பொம்பளை என்ன சொன்னா?" என்றாள் வெர்பி.

"விடும்மா."

"சொல்லு."

"வெர்பி ஸ்ட்ரங்க் ஏதோ பாடினா, ஆனா டோவி கால்தூசிக்கு வராதுன்னா."

வெர்பி அவள் பக்கம் திரும்பினாள்.

"ஸ்ட்ரங்க்னு சொன்னாளா, லெட்ஃபோர்ட்னு சொன்னாளா?"

"ஸ்ட்ரங்க்னுதாம்மா."

"சரி," என்றாள் வெர்பி. "வண்டியை எடு. பசிக்குது."